தாகத்துக்கு ஒத்திகை

வாகரைக் கடற்கரை மணலில் உச்சிவெயில் கொதிக்கிறது. சீனாய் பாலைவன யாத்திரைக்கு ஒத்திகையாக வேதபாடக் குழுவை நடக்கவைத்துக் கூட்டிவருகிறார் ஜெபரூபன். “ஒருத்தரும் தண்ணி கொண்டுவரக்கூடாது. இஸ்ரவேலரின் தாகம் நமக்கும் விளங்கணும்” என்று கட்டளை போட்டவர் அவர்தான். வாடிய முகங்களைக் கண்டு, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த கண்ணகை குடத்தோடு எழுந்து வருகிறாள். செம்பு கைமாறக் கைமாறக் குடத்தில் தண்ணீர் வற்றுகிறது. “உங்களுக்கு வேணாமாம்மா?” என்கிறாள் குழுவில் ஒருத்தி. “தண்ணி பவுசர் வண்டி நாளைக்கு வரும்தானே புள்ள.” கடைசிச் செம்பு ஜெபரூபனிடம் நீள்கிறது. முதுகுப்பைக்குள் அவர் ஒளித்து வைத்திருக்கும் ஐஸ் போத்தல் கசிந்து சட்டையை நனைக்கிறது. வேண்டாமென்றால் தியாகி என்பார்கள். அது இதைவிடக் கேவலம். தலையைக் குனிந்தபடி வாங்கிக் குடிக்கிறார். ஈரமான முதுகைப் பார்த்துக் கண்ணகை உச்சுக்கொட்டுகிறாள். “ஐயோ மனே, எப்படி வேர்த்திருக்கு!”