ஐந்தாவது வேலை

அரியலூர் லாரி கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வரைக் கவனிக்க இரண்டே பேர், காசிநாதனும் வெற்றிச்செல்வியும். சர்வரில் எதை மாற்றினாலும் அடுத்தடுத்து ஐந்து வேலைகளைச் செய்தாக வேண்டும். புதிதாக வந்த வெற்றிச்செல்வி எழுதிய நிரலில், மாற்றம் செய்ததுமே நான்கு வேலைகள் தாமாக முடிந்தன.

"இத்தனை வருசமா உனக்குத் தோணலயேப்பா!" என்றார் மேனேஜர். காசிநாதனுக்கு வயிறு எரிந்தது.

பெரம்பலூர் கிளையில் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் ஐந்தாவது வேலையை மட்டும் அவன்தான் கையால் செய்துவந்தான். அதை எழுத அவளுக்குத் தெரியவில்லை என்று உள்ளூரச் சிரித்தான். லீவு போட்டு உட்கார்ந்து, அதையும் தானாக ஓட வைத்துக் காட்டினான்.

மேனேஜர் அசந்துபோனார். "பிரமாதம் காசி! அப்ப இனிமே ஒரு ஆளே போதும். அந்தப் புள்ளயே பாத்துக்கும்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவனை வெற்றிச்செல்வி கண்கலங்கப் பார்த்தாள்.

"ஏண்ணே இப்புடிப் பண்ணீங்க? நாலு வேலை தானா ஓடுனப்பவே, ஒரு ஆள் போதும்னு சார் எங்கிட்ட சொன்னாரு. அஞ்சாவது வேலைக்கு நீங்க இல்லாம முடியாதுன்னு சொல்லணும்னுதாண்ணே, அதை நான் எழுதாமயே விட்டேன்."