கும்மிடிபூண்டியென்சிஸ்

கவரைப்பேட்டைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சாயங்கால வெயில் கண்ணாடித் தட்டுகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. நந்தினி ஒரு ஸ்லைடை நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சுவரோர மண்ணில் அவள் எடுத்த பூஞ்சை அது. முன்பு இரண்டு முறை புதிது என்று நம்பியவை, ஏற்கெனவே பெயர் உள்ளவையாகப் போய்விட்டன. இது புதிய இனம்தான் என்று மரபணுச் சோதனை முடிவு இன்று மதியம் வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் ஓடிவந்த அவள் கணவன் ஜெகன், வெல்டிங் கரி படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் குனிந்து பார்க்கிறான். வெளியே மின்சார ரயில் போகிறது. ஜன்னல் அதிர்கிறது. அவன் அசையவில்லை.

“பச்சையா, மணி கோத்தா மாதிரி கீதே! இன்னா பேரு வெச்ச?”

“நம்ம ஊரு பேருதான். கும்மிடிபூண்டியென்சிஸ்.”

அவன் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. நந்தினியே எடுத்து அவன் காதில் வைத்துப் பிடிக்கிறாள். உடன் வேலை செய்பவன், டீக்கு வரவில்லையா என்று கேட்கிறான்.

“வரலடா. எங்க ஊட்டுக்காரி ஒலகத்துக்கே புதுசா ஒண்ணு கண்டுபுச்சிக்கீது. பாத்துக்கினு கீறேன்.”

“இன்னாது?” என்கிறது போன்.

கண்ணை எடுக்காமலே, முன்பைவிடச் சத்தமாக, ஜெகன் முதலிலிருந்து சொல்கிறான்.