நடக்கச் சொல்லித்தந்த விளையாட்டு

மூன்று வருடமாகப் பேசாத அண்ணன் ரெக்சனிடமிருந்து ஜெனிட்டாவுக்குச் செய்தி வந்திருந்தது: ‘புது கேம் ஒண்ணு ஆடுறேன். நாலு மணிக்கு வர்றியா? அரை மணி நேரம்தான் இருப்பேன்.’ அப்பாவின் அடக்கத்துக்கு அவன் வராததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நாலு மணிக்கெல்லாம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கேம் அவளை உள்ளே விடவில்லை. முதலில் பயிற்சியாம்.

‘நடக்க, மேல் அம்புக்குறியை அழுத்தவும்.’ நடந்தாள். ‘அருமை! இப்போது நில்லுங்கள்.’ நின்றாள். அதற்கும் ஓர் அருமை.

“சின்ன வயசுல எங்க தெருவுல எந்த விளையாட்டுலயும் ஒருத்தனையும் ஜெயிக்க விட்டதில்ல நான். எனக்கு நிக்கச் சொல்லித் தருது!” என்று பல்லைக் கடித்தாள்.

“இதைத் தாண்டிப் போக வழியில்லையா?” என்றான் கணவன் சேவியர்.

“இருந்தா போக மாட்டேனா?”

பிறகு குதிக்க, குனிய, கதவைத் திறக்க. கதவைத் திறந்ததற்கு வாணவேடிக்கை வேறு. அந்தக் கதவு வழியாக வெளியே வந்தபோது மணி நாலு இருபத்தைந்து. வேலிக்கு அப்பால், தலைக்கு மேல் ரெக்சன் என்று எழுதிய உருவம் ஒன்று அவளைப் பார்த்தபடி நின்றது.

கடைசிப் பாடம் வந்தது. ‘நண்பரிடம் பேச, இந்தப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும்.’

ஜெனிட்டாவின் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

“அழுத்தேன்,” என்றான் சேவியர்.

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்ததோ என்னவோ, திரை அதே வரியை இன்னும் பெரிய எழுத்தில் காட்டியது.