ஏரிக்கரை பஸ்

“கட்டின பொண்டாட்டி கால் உடைச்சுக்கிட்ட நடைபாதையைவிட, என்னைக்கோ நின்னுபோன பஸ் பெருசாப் போச்சா இந்த மனுஷனுக்கு?”

தையற்கடைக்காரி முணுமுணுத்தது முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் முணுமுணுத்தாள்.

நகராட்சி அலுவலகத்து மாடியில் கூட்டம். போக்குவரத்துக்கு வந்திருக்கும் நிதி ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். எதை முதலில் செய்வது என்று மக்களே சொல்லட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். சுவரோரம் இரண்டு பலகைகள். ஒன்று கடைத்தெரு நடைபாதைக்கு, மற்றது பழைய ஏரிக்கரை பஸ்ஸை மறுபடி ஓட்டுவதற்கு. ஆளுக்கு ஒரு பச்சை ஸ்டிக்கர். பேசுகிறவர்கள் பேசி முடித்ததும், பிடித்த பலகையில் ஒட்டிவிட்டுப் போகலாம்.

கடைத்தெருக்காரர்கள் நடைபாதைதான் என்று பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். போன மழைக்கு அங்கே கல் பெயர்ந்து கண்ணாடிக்கடை அக்கா விழுந்தபோது, தூக்கி உட்கார வைத்தவளே தையற்கடைக்காரிதான். அக்கா இன்னும் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதில்லை.

அந்தக் கடையில் கண் பரிசோதிப்பது அக்கா. கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் புருஷன். அப்படிப்பட்ட புருஷன், ஊரே பார்க்க மைக்கைப் பிடித்து பஸ்ஸுக்காகப் பரிந்து பேச எழுந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

“நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துல தினமும் அந்த பஸ்லதான் போவேன்” என்று ஆரம்பித்தார் அவர். “பாதி வழியில ஏறுவேன். உட்கார இடமே இருக்காது. ஆனா ஏரிக்கரையிலேருந்து வர்ற ஒருத்தர், பையை வெச்சு எனக்கு ஜன்னலோரம் இடம் பிடிச்சிருப்பாங்க.”

ஹாலில் சிரிப்பு கிளம்பியது.

“சாயங்காலம் சீக்கிரமே வேலை முடிஞ்சாலும் ஏற மாட்டேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, ‘அவங்க இன்னும் வரலை தம்பி, நீ அடுத்த பஸ்ல வா’ன்னு விசிலை ஊதிட்டுப் போயிடுவாரு.”

இப்போது கூட்டத்தை நடத்திய அதிகாரிப் பெண்ணே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“மழை நாள்ல ஜன்னல் பூரா ஆவி படிஞ்சிருக்கும். விரலால அதுல எதையாவது எழுதுவோம். இறங்குறதுக்குள்ள அழிஞ்சு போயிடும்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்தப் பக்கம் இன்னமும் ஆளுங்க இருக்காங்க. பஸ் இல்லாம ரொம்பக் கஷ்டப்படுறாங்க. அவ்வளவுதான்.”

மைக்கைக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கீழே போய்விட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எல்லாத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. அவள் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

தையற்கடைக்காரிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பள்ளிக்கூட நாளில் அந்த பஸ்ஸின் கடைசி சீட்டுக்காக அண்ணனோடு அடித்துக்கொண்டவள் அவள். வளைவில் பஸ் சாயும்போது எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து விழுந்து சிரித்ததும், எந்த ஸ்டாப்பில் இறங்கினாலும் ஏரிக்காற்றின் ஈரம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்ததும் நினைவுக்கு வந்து அவளுக்குக் கண் கலங்கியது. அந்தக் காலம் இனி எங்கே வரப்போகிறது?

அக்கா எழுந்து மெல்ல நடந்துபோய், தன் ஸ்டிக்கரை ஏரிக்கரை பஸ் பலகையில் ஒட்டினாள்.

தையற்கடைக்காரியும் யோசிக்காமல் தன்னுடையதை அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டாள். கடைத்தெருக்காரர்கள் அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொடுத்து வெச்சவங்க அக்கா நீங்க. இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு மனுஷன் பொண்டாட்டியைப் பத்தி இப்படி உருகுவாரா? எங்க வீட்டுலயும் இருக்காரே, என்னை எங்க பார்த்தோம்னே அவருக்கு ஞாபகம் இருக்காது.”

“நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வர்றப்பவே அந்த பஸ்ஸை நிறுத்திட்டாங்க” என்றாள் அக்கா. “நான் அதுல ஏறினதே இல்லை.”

தையற்கடைக்காரி பிடித்திருந்த கையை விட்டாள்.

“அப்ப, இடம் பிடிச்சு வெச்சது?”

“அவங்க போன மாசம் நம்ம கடைக்குக் கண்ணைக் காட்ட வந்தாங்க. துணைக்கு யாரும் இல்லை, ஏரிக்கரை வீட்டுல தனியாத்தான் இருக்காங்களாம். அவங்க காதுல சட்டத்தை மாட்டிச் சரிபார்க்கும்போது இவர் கை நடுங்குச்சு. அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.”

“நீங்க ஒண்ணும் கேட்கலையா?”

“கேட்டு என்ன ஆகப்போவுது? இன்னைக்கு அவரே சொல்லிட்டாரே.”

“நல்லாயிருக்கு நியாயம். நான் என்னமோ உங்க கதைன்னு நினைச்சில்ல ஒட்டினேன். இருங்க, போய் என் ஸ்டிக்கரைப் பிய்ச்சுட்டு வர்றேன். உங்கதையும் சேர்த்துத்தான்.”

திரும்பியவளின் முழங்கையை அக்கா கெட்டியாகப் பிடித்து நிறுத்தினாள்.

“பேசாம வா. ‘உங்க பார்வைக்கு இனிமே கார் ஓட்டவே கூடாது’ன்னு அவங்ககிட்ட கண்டிப்பாச் சொல்லி அனுப்பினது நான்தான். பஸ்ஸும் இல்லைன்னா அவங்க என்ன, பறந்தா வருவாங்க?”