தொட்டியில் தண்ணீர் வராத காரணம்

கொட்டகைத் தொட்டிக்குப் போகும் ரப்பர் குழாயில் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வெள்ளாட்டுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"ராக்கெட் விட்டு விட்டு மேகத்தையெல்லாம் ஓட்டை போட்டுட்டானுங்க. தண்ணி எங்கேர்ந்து வரும்?" என்றது எருமை.

"அட, அது இல்லப்பா. உலகச் சந்தையே படுத்துடுச்சு. அரசாங்கம் தண்ணிய மொத்தமா வெளிநாட்டுக்கு வித்துடுச்சு," என்றது காளை.

வெள்ளாடு தயங்கித் தயங்கி எருமையிடம், "அண்ணே, உங்க கால் குழாய் மேல இருக்கு," என்றது.

"நாங்க நாட்டு நடப்பு பேசிட்டிருக்கோம். நீ என் காலைப் பத்திப் பேசுறியே!" என்று எருமை சீறியது. இவ்வளவு விஷயம் தெரிந்தவர்களுக்கா இது தெரியாது என்று ஆடு குழம்பிப்போய் வாயை மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஈ கடிக்க, எருமை காலை உதறியது. தொட்டியில் சளசளவென்று தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா, நாம பேசுனது அரசாங்கத்துக் காதுல விழுந்துடுச்சு!" என்றது காளை.

"ராக்கெட்டை நிறுத்திட்டானுங்க," என்றது எருமை.

ஆடு வயிறு முட்டக் குடித்தது.

மறுநாள் எருமை அதே இடத்தில் வந்து நின்றது. தண்ணீரும் நின்றது. இந்த முறை ஆடு குழாய்ப் பக்கம் திரும்பவே இல்லை. ராக்கெட் ஏதாவது போகிறதா என்று கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தது.