கழுத்தில் கத்தி

கத்தி கழுத்தில் இருந்தது. பிடித்திருந்தவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

நாற்காலியில் சாய்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் இதற்கு முன் அந்தச் சலூனுக்கு வந்தவரே இல்லை. கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து நுழைந்தார். கைப்பையை மடியைவிட்டு இறக்காமல், "ஷேவிங்" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு, கண்ணாடி வழியே சலூன்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் கண்ணாடிப் பக்கம் நிமிரவே இல்லை. தன் மகளின் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். தவணை நின்று பல மாதம் ஆயிற்று. வசூல் கம்பெனிக்காரர்கள் போனிலேயே அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஏச்சு வாங்கினாலும் மனிதர் ஒருமுறைகூடக் கெஞ்சியதில்லை. "கட்டிடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுவார்.

கடைசியாகப் பேசியவன் நாக்கில் நரம்பில்லாதவன். "இனிமே போன் வராது பெரியவரே, ஆள்தான் வரும். முதல்ல உங்க கடைக்கு, அப்புறம் உங்க பொண்ணு எங்க வேலை பார்த்தாலும் அங்க" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து படியேறும் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இதில் எதையும் வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. மகள் கேட்டால், "அதெல்லாம் ஒழுங்கா கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அடித்துச் சொல்வார். பட்டம் வாங்கியும் வாசல் வாசலாக ஏறி இறங்கி, போன வாரம்தான் அவளுக்கு ஒரு வேலை அமைந்திருந்தது. போனில் பேசுகிற வேலையாம். பயிற்சியில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் உப்புத்தண்ணீர் கொப்பளிப்பாள். முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்றிருந்தார். அதற்குள் எவனாவது அவள் ஆபீசில் போய் நின்று அசிங்கப்படுத்திவிட்டால், வந்த வேலையும் போய்விடும். அவருடைய பயமெல்லாம் அதுதான்.

"உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்காமே?" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

கத்தி தாடைக்குக் கீழே அப்படியே நின்றது. "இருக்கா சார்" என்றார் சலூன்காரர்.

"கடன் வாங்கித்தான் படிக்க வச்சீங்கன்னு சொன்னாங்க."

வந்தேவிட்டான். கை உதறியதில் தாடையோரம் ஒரு கீறல் விழுந்து, பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. தொழிலுக்கு வந்த நாள் முதல் யாருக்கும் ரத்தம் காட்டாத கை அது. பதறிப்போய்ப் படிகாரத்தை எடுத்து ஒற்றினார். வந்தவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மேலே போர்த்தியிருந்த துணிக்கு அடியில் கையைவிட்டுக் கைப்பையைத் திறந்தார்.

அவளுடைய ஆபீசுக்கு மட்டும் போகாதீர்கள் என்று காலில் விழுந்துவிடலாமா என்று சலூன்காரர் யோசித்தார். கெஞ்சிப் பழக்கமில்லாதவர், படிகாரத்தையே திரும்பத் திரும்ப ஒற்றிக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து வெளியே வந்தது வழவழப்பான ஒரு காலேஜ் விளம்பரப் புத்தகம்.

"என் பையனை இதுல சேக்கலாம்னு இருக்கேன். லோன் போட்டாத்தான் முடியும். பக்கத்துக் கடையில விசாரிச்சேன், நீங்க அனுபவப்பட்டவர்னு சொன்னாங்க." அவர் தயங்கினார். "எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். மனசுக்குள்ள பயமா இருக்குங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். சலூன்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன சந்தோஷத்தில், தன்னை அறியாமல் சிரித்தும்விட்டார்.

பிறகு அவர் பேசிய பேச்சை அவராலேயே நம்ப முடியவில்லை. படிப்புக்கு வாங்குகிற கடன் கடனே இல்லை என்றார். வேலை கொஞ்சம் முன்னே பின்னே வரும், ஆனால் வராமல் போகாது என்றார். மறுபடி நுரை போட்டு, இன்னொரு கன்னத்தை வழுவழுவென்று இழைத்தார். கை இப்போது இம்மியும் நடுங்கவில்லை.

"தைரியமா லோன் போடுங்க சார். என் பொண்ணுக்கே வேலை கிடைச்சிருச்சு."

வெள்ளைச் சட்டைக்காரர் முகம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து அலமாரியில் இருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். இனி போன் வராது என்றுதான் சொல்லிவிட்டார்களே, யாராவது கடை திறந்திருக்கிறதா என்று கேட்பார்கள். கையெல்லாம் நுரையாக இருந்ததால், புறங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"படிப்புக் கடன் பாக்கி விஷயமா பேசறோம்." ஒரு பெண் குரல், கரகரவென்று கடை முழுக்க ஒலித்தது. "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பணம் வரலைன்னா, அப்புறம் நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்ல. கையெழுத்துப் போடும்போது இருந்த தைரியம் கட்டும்போது எங்க போச்சு?"

வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணாடியில் சலூன்காரரைப் பார்த்தார். மடியிலிருந்த புத்தகத்தைச் சத்தமில்லாமல் மூடினார்.

சலூன்காரருக்கு உடம்பு கூசிப்போயிற்று. "கட்டிடறேன்" என்று வழக்கம்போல் ஒரே வார்த்தை சொல்லி, போனை அணைக்க விரலைக் கொண்டுபோனார்.

கரகரத்த குரல் சட்டென்று இறங்கிக் கிசுகிசுத்தது.

"அப்பா, வச்சிடாதீங்க... மேனேஜர் இந்தப் பக்கம்தான் வர்றாரு, கொஞ்சம் கெஞ்சுங்கப்பா."