மாறுகண் மணி

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் கணவரின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். மேஜையடியில் இருந்த சாம்பல் டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டைப் பையில்கூடக் கை வைக்காதவள்.

சாம்பலிலிருந்து ஒரு கம்பி வந்தது. அதன் நுனியில் ஒரு நீலக் கண்ணாடி மணி.

கணவர் கடிகாரம் பழுது பார்த்தவர். கடையை மூடிய பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. அருங்காட்சியகத்தில் பார்த்த பழங்காலத்துக் கண் வைத்த மணிகளைப் போலவே தானும் செய்ய வேண்டும். கண்ணாடிக் குச்சியைச் சுடரில் உருக்கி, களிமண் பூசிய கம்பியில் சுற்றி, மேலே ஒரு வெள்ளைப் பொட்டு, அதன்மேல் ஒரு நீலப் பொட்டு வைத்தால் கண் திறந்துவிடும். பிறகு சாம்பலில் புதைத்து, காலைவரை மெல்ல ஆறவிட வேண்டும். இல்லையென்றால் விரிசல் விடும்.

கை நடுங்க ஆரம்பித்ததும் பொட்டுகள் இடம் மாறின. ஒரு கண் மேலே பார்த்தது, இன்னொன்று கீழே பார்த்தது. "என் மணிக்கு மாறுகண்ணு" என்று முதலில் சிரித்தார். நடுக்கம் போகாது என்று டாக்டர் கையை விரித்த பிறகு சிரிப்பும் நின்றுபோனது.

குச்சி எடுத்துக் கொடுத்தே அவளுக்கு வேலை பிடிபட்டிருந்தது. நடுக்கத்துக்காக அவர் கைப்பயிற்சிக்குப் போயிருந்த ஒரு மதியம், சும்மா சுடரைப் பற்றவைத்துப் பார்த்தாள். கை சொன்னபடி கேட்டது. மறுநாள் காலை அவருடைய மணியை எடுத்துவிட்டுத் தன்னுடையதைச் சாம்பலில் புதைத்தாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விசிலடித்தார்.

அந்த விசிலில் மாட்டிக்கொண்டவள்தான். ஒரு நாள் என்று ஆரம்பித்தது தினமும் ஆனது; மதியம் அவர் பயிற்சிக்குப் போனதும் செய்து ஒளித்து ஆறவிடுவாள், காலையில் மாற்றிவிடுவாள். "நீ இருந்தா கவனம் சிதறுது" என்று அவரும் இப்போதெல்லாம் மாலையில் தனியாகத்தான் கதவைச் சாத்திக்கொள்கிறார். சுடர் சீறுவது மட்டும் வெளியே கேட்கும்.

அவள் செய்யும் மணியைக் கம்பியிலிருந்து கழற்ற, தண்ணீரில் ஊறவைத்து முறுக்க வேண்டும். அவருடையது தொட்டதுமே உருவிக்கொண்டு வந்தது. களிமண்ணைக்கூட ஒழுங்காகப் பூச முடியவில்லை, பாவம். அவள் அந்த மணியை உற்றுப் பார்ப்பதேயில்லை. பார்த்தால் மனசு கேட்காது. எங்கோ பார்த்தபடி உடைசல் டப்பாவில் போட்டுவிட்டு, தன் கம்பியைச் சாம்பலில் செருகிவிட்டு வெளியே வந்தாள்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அடடே! இன்னிக்கும் கண்ணு நேரா வந்திருக்கு, பாத்தியா?"

"ம்."

"என்ன ம்? வாய் திறந்து பாராட்டினா காசா பணமா?"

"உங்க கைக்கு என்னங்க குறைச்சல்" என்றாள். சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தொலைபேசி மணி அடித்தது. அவரே எடுத்தார். "கைவினைச் சங்கச் செயலாளரா? சொல்லுங்க. கண்காட்சிக்கு இன்னிக்கு சாயங்காலம் வந்துடறோம். ஆமாமா, எல்லார் முன்னாடியும் உக்காந்து ஒரு மணி செஞ்சு காட்டணும், ஞாபகமிருக்கு. அதுக்கென்ன, தாராளமா!"

சுடர் முன்னால் அவர் விரல்கள் நடுங்குவதும், சுற்றி நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன.

"ஏங்க, போக வேண்டாம்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"அந்த மணியெல்லாம் நீங்க செஞ்சதில்ல. நான் செஞ்சது. தினமும் காலையில உங்களதை எடுத்துட்டு என்னோடதை வெச்சேன். நீங்க வாடிப் போறதைப் பாக்க முடியல. அப்புறம் நிறுத்தத் தெரியல. நீங்க நல்லாருக்குன்னு சொல்றப்பல்லாம் உள்ளுக்குள்ள பெருமையா வேற இருந்துச்சு. அதை நினைச்சாதான் இன்னும் கேவலமா இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, நடுங்கும் விரல்களால் நிதானமாகத் துடைத்தார்.

"செஞ்சு காட்டப் போறது யாருன்னு செயலாளர் போன வாரமே கேட்டாரு. உன் பேரைத்தான் குடுத்திருக்கேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"கடிகாரக்காரன்கிட்டயே முள்ளை மாத்தி வெச்சா தெரியாதா? முதல் நாளே தெரியும். இது என் கையில வராதுன்னு தெரிஞ்சுதானே விசிலே அடிச்சேன்!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா தினமும் கதவைச் சாத்திக்கிட்டு அவ்வளவு கஷ்டப்பட்டீங்க? நீங்க செஞ்சதையெல்லாம் ஒண்ணு விடாம உடைசல்ல போட்டுட்டேனே, பாவி!"

அவர் உள்ளே போனார். உடைசல் டப்பாவைக் கிளறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு நீல மணியை வைத்தார்.

"நான் விட்டுட்டேன்னு தெரிஞ்சா நீயும் விட்டுடுவேல்ல?"

அவள் முதல்முறையாக அதை உற்றுப் பார்த்தாள். ஒரு கண் மேலே பார்த்தது, இன்னொன்று கீழே. சாம்பலில் புரண்டு புரண்டு பளபளப்பெல்லாம் போயிருந்தது.

"தினமும் இதே மணிதான்."